பழைய பெட்டியில் வைரஸ்: சுத்தம் செய்வதா, அழித்துப் போடுவதா, வேறு வழியா?

ரங்கூன் டவுனில், அனோரத்தா சாலையை ஒட்டிய குறுக்குத் தெரு ஒன்றில் ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதி அட்டை, வருஷத்துக்கு ஒரு நாள்காட்டி என்று தமிழில் அச்சேற வேண்டிய சில்லறை வேலைகள் அங்கே வரும். மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி: பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி ராம், 160 ஜிபி டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. அதில் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7. தமிழுக்குப் பாமினி எழுத்துரு, பர்மிய வரிகளுக்கு அதே மாதிரிப் பழைய எழுத்துரு ஒன்று. முதலாளியை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பெட்டிக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பு பல வருஷமாக என் தலையில்.

பங்குனித் திருவிழா நேரம் பார்த்து அது படுத்துக்கொண்டது. வாடிக்கையாளர் ஒருவரின் பென்டிரைவைச் செருகிய மறுநாளிலிருந்து பேஜ்மேக்கர் திறக்க ஐந்து நிமிஷம். டாஸ்க் மேனேஜரைத் தட்டினால் நிர்வாகி அதை முடக்கி வைத்திருப்பதாகப் பதில். நிர்வாகி நான்தான், நான் எதையும் முடக்கவில்லை. சேஃப் மோடுக்குப் போனால் நீலத்திரை. செருகிய பென்டிரைவ் ஒவ்வொன்றிலும் ஃபைல்களைக் காணோம், ஷார்ட்கட் மட்டும் நிற்கிறது.

"தம்பி, வெள்ளிக்கிழமை ஆயிரம் பத்திரிகை குடுக்கணும். ஃபார்மட்டு கீர்மட்டுன்னு மட்டும் சொல்லிராத" என்றார் மாமா.

இந்த மாதிரிப் பெட்டிக்கு என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது எடுப்பது என்று அந்த வாரம் நான் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். வழிகள் ஐந்து. விண்டோஸுக்குள்ளேயே ஆன்டிவைரஸை ஓட்டிச் சுத்தம் செய்வது. பென்டிரைவிலோ சிடியிலோ இருக்கும் வேறு சிஸ்டத்தில் பெட்டியைக் கிளப்பி (பூட் செய்து), வெளியிலிருந்து சுத்தம் செய்வது. எல்லாவற்றையும் அழித்து அதே எக்ஸ்பியை மறுபடி போட்டு, நெட்டைத் துண்டித்துவிடுவது. விண்டோஸை விட்டு லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்துக்கு மாறுவது. கொஞ்சம் புதிய பெட்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, பழைய எக்ஸ்பியை அதற்குள் மென்பொருளாலேயே ஆன ஒரு மெய்நிகர் பெட்டியாக அடைத்து வைப்பது. எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் கேட்பது வேறு: இந்தப் பெட்டியில் மட்டுமே செய்ய முடிகிற வேலை ஏதாவது உண்டா? உண்டென்றால் மூன்றாவது வழி, கையில் காசு இருந்தால் ஐந்தாவது. இல்லையென்றால் நான்காவது. முதல் இரண்டும் எனக்கு வைத்தியமாகவே படவில்லை. நாடி பார்க்க உதவும், அவ்வளவுதான்.

முதல் வழியில் எனக்கு ஏன் இவ்வளவு அவநம்பிக்கை என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் கை வைப்பது அங்கேதான். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8. வைரஸ் அடையாளப் பட்டியலை மட்டும் 2015 ஜூலை வரை கொடுத்தார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் கதை முடிந்தது. (விண்டோஸ் 10-உம் 2025 அக்டோபர் 14 அன்று அதே வரிசையில் போய் நின்றுவிட்டது. ஆகவே எக்ஸ்பி வைத்திருப்பவரைப் பார்த்து யாரும் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.) குரோம் எக்ஸ்பியில் 49-ஆம் பதிப்போடும், விண்டோஸ் 7-இல் 109-ஆம் பதிப்போடும் நின்றுபோனது. அப்படியிருக்க, ஆன்டிவைரஸ் செய்கிறவர்கள் மட்டும் அந்தப் பழைய வீட்டில் எத்தனை நாள் குடியிருப்பார்கள்? பெரிய பெயர்களில் பெரும்பாலானவை எக்ஸ்பியைப் பார்த்ததும் 'இந்தச் சிஸ்டத்தில் ஓடாது' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

ஓடுகிறவற்றிலும் இடைஞ்சல் உண்டு. மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர் இலவசம், நிறுவ வேண்டியதில்லை, நல்ல கருவி. ஆனால் இறக்கிய பத்தாம் நாள் காலாவதியாகிவிடும், மறுபடி இறக்க வேண்டும். 2019-க்குப் பிறகு அதன் டிஜிட்டல் கையெழுத்து (போலி இல்லை என்று காட்டும் முத்திரை) ஷா-2 என்கிற புதிய முறையில் இருப்பதால், பேட்ச் என்கிற திருத்தங்களைப் போடாத விண்டோஸ் 7 அதை நம்பாது. கேபி 4490628, கேபி 4474419 என்ற இரண்டு பேட்சையும் முதலில் போட வேண்டும். வைரஸ் பிடித்த பெட்டியில் அப்டேட் ஓடாது, அப்டேட் ஓடாமல் வைரஸ் கருவி ஓடாது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

இன்னொரு சின்ன விஷயம் பலரைச் சுற்ற விட்டிருக்கிறது. பெட்டியைத் திறந்தால் மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர் 2032. அது செத்துவிட்டால் கடிகாரம் ஒவ்வொரு முறையும் 2002-க்கோ 2007-க்கோ ஓடிவிடும். தேதி தப்பாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது, கருவியின் கையெழுத்தும் செல்லாது. 'வைரஸ்தான் நெட்டை மறிக்கிறது' என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, இரண்டு பேட்டரி எப்போதும் என் பையில் கிடக்கும். தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுத்தால், ஒரு தளத்தை நம்பலாமா என்று சரிபார்க்கப் பெட்டி வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்கள் பழசு. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒன்று காலாவதியானபோது பழைய பெட்டிகள், பழைய போன்கள் பலவற்றில் ஒரே நாளில் நிறையத் தளங்கள் திறக்காமல் போயின.

இதையெல்லாம் தாண்டி ஸ்கேனர் ஓடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஓடுவது யார் வீட்டில்? திருடன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான், சாவியும் அவனிடம் இருக்கிறது, அவனிடமே 'வீட்டில் யாராவது இருக்கிறார்களா' என்று கேட்கிறோம். ரூட்கிட் வகை வைரஸ்கள் டிஸ்கைப் படிக்கும் வழியிலேயே உட்கார்ந்துகொண்டு, தன் கோப்பை மட்டும் இல்லை என்று சொல்லிவிடும். 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு பேட்ச் வெளியிட்டதும் உலகம் முழுக்கப் பல எக்ஸ்பி பெட்டிகள் நீலத்திரையில் விழுந்தன. பேட்சில் கோளாறு என்றுதான் எல்லாரும் திட்டினார்கள். பார்த்தால், அந்தப் பெட்டிகளில் ஏற்கெனவே அலூரியான் என்கிற ரூட்கிட் குடியிருந்தது. பேட்ச் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை மாற்றியதும் அதன் கணக்கு தப்பிப் பெட்டி விழுந்தது. அதுவரைக்கும் பெட்டிக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

அச்சகத்தில் நான் செய்த தவறு இந்த இடத்தில்தான். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, மாமா பின்னால் நிற்கிறார். எக்ஸ்பியில் ஓடக்கூடிய ஒரு ஸ்கேனரைப் போட்டு, கண்டதையெல்லாம் தானாகவே தனிமைப்படுத்தச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் முந்நூற்றுச் சொச்சம் கோப்புகள் சிவப்பில். பிடித்திருந்தது சாலிட்டி குடும்பத்து வைரஸ். 2003-லிருந்து சுற்றும் பழைய ஆசாமி. தனியாக ஒரு கோப்பாக வந்து உட்காராது, இருக்கிற இஎக்ஸ்இ கோப்புகளின், அதாவது மென்பொருளை ஓட்டும் கோப்புகளின், உடம்பிலேயே தன்னை ஒட்டிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரை முடக்குவதும் சேஃப் மோடின் பதிவுகளை அழிப்பதும் அதன் வழக்கம், எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். ஸ்கேனர் தனிமைப்படுத்தியவற்றில் பேஜ்மேக்கரின் உயிர்க்கோப்பும் சேர்த்தி, பிரிண்டர் மென்பொருளும் சேர்த்தி. மறுபடி நிறுவலாமே என்றால், மாமா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த சிடியில் பத்து மழைக்காலத்துப் பூஞ்சை, வட்டம் வட்டமாக, கோலம் போட்ட மாதிரி. டிரைவ் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. குற்றம் ஸ்கேனர் மேல் இல்லை. எந்த வகை வைரஸ் என்று பார்க்காமல் கையை வைத்தது நான்.

ஆகவே முதலில் வகை. உலவியில் விளம்பரம் குதிக்கிறது, முகப்புப் பக்கம் மாறிப்போனது என்கிற ஆட்வேர் தொல்லை என்றால் உள்ளேயே சுத்தம் செய்துகொள்ளலாம். பென்டிரைவில் ஷார்ட்கட் போடுகிற சாதாரண ஸ்கிரிப்ட் வைரஸ் என்றாலும் அப்படியே. சாலிட்டி, விரூட், ராம்னிட் போல் கோப்புகளின் உடம்பில் ஏறும் வகை என்றால் உள்ளிருந்து சுத்தம் செய்யும் ஆசையை விட்டுவிட வேண்டும். சாலிட்டிக்கென்றே காஸ்பர்ஸ்கிகாரர்கள் சாலிட்டிகில்லர் என்று ஒரு குட்டிக் கருவி விட்டிருக்கிறார்கள், கோப்பை அழிக்காமல் ஒட்டியதை மட்டும் உரிக்கப் பார்க்கும். ஆனால் உரித்த கோப்பு எல்லாம் பழையபடி ஓடும் என்று சொல்ல முடியாது, கூடவே வந்து இறங்கிய வேறு எதையும் அது பார்க்காது.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து. காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க், டாக்டர் வெப் லைவ்டிஸ்க் மாதிரியானவை லினக்ஸ் மேல் ஓடுகின்றன. பெட்டியை அவற்றிலிருந்து கிளப்பினால் விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும், திருடனும் தூங்குவான், ரூட்கிட் பொய் சொல்ல முடியாது. முதல் வழியைவிட இது பல படி மேல். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. கரண்ட் இங்கே முறை வைத்துத்தான் வருகிறது. 160 ஜிபி டிஸ்கை அந்தப் பழைய பெட்டியில் முழுசாக ஸ்கேன் செய்ய ஐந்தாறு மணி நேரம். எங்கள் முறையில் விட்டு விட்டு நான்கு மணி நேரம் கிடைத்தால் அதிகம். மாமாவின் இன்வெர்ட்டர் விளக்கையும் ஃபேனையும் தாங்கும். மேஜைப் பெட்டியையும் அந்தக் காலத்துக் குண்டு மானிட்டரையும் சேர்த்துத் தாங்காது. வெறும் ஸ்கேன் நடுவில் நின்றால் மறுபடி ஆரம்பிக்கலாம். கோப்பை உரித்து எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் டிஸ்கின் கோப்பு அட்டவணையே குழம்பக்கூடும். அதனால் நான் ரெஸ்க்யூ டிஸ்கை ஓட்டினால் 'பார், தொடாதே' என்கிற அமைப்பில்தான் ஓட்டுவேன். என்ன வைரஸ், எத்தனை கோப்பு என்ற பட்டியல் கிடைத்தால் போதும்.

நெட்டில் தேடினால் 'பழைய பெட்டியா, கிளாம்ஏவி போடு, இலவசம், இலேசு' என்று ஒரு ஆன்டிவைரஸ் யோசனை அடிக்கடி கண்ணில் படும். இலவசம் சரி, இலேசு என்பது தப்பு. அதன் அடையாளப் பட்டியல் முழுதும் ராமில் ஏறும். அதற்கே ஒரு ஜிபிக்கு மேல் வேண்டும், அதைச் செய்கிறவர்களே 3 ஜிபிக்கு மேல் இருந்தால் நல்லது என்கிறார்கள். 1 ஜிபி ராம் உள்ள நெட்புக்கில் (பழைய குட்டி லேப்டாப்) போட்டால் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

வெளியிலிருந்து பார்ப்பதில் உள்ள உண்மையான லாபம் வேறு. அன்றைக்கு ராத்திரி அந்த வாடிக்கையாளரின் பென்டிரைவை லினக்ஸ் லைவில் (டிஸ்கில் நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) செருகிப் பார்த்தேன். அதன் மேல்மட்டத்தில் மூன்றே மூன்று உருப்படி. டிரைவின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஒரு ஷார்ட்கட், 2 கிலோபைட்கூட இல்லை. வாயில் நுழையாத பெயரில் ஒரு டிஎல்எல், அதாவது நிரல் கோப்பு. அப்புறம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர். பெயர் இருக்கத்தான் செய்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு இடைவெளி எழுத்து. உள்ளே போனால் மாப்பிள்ளை, பெண் போட்டோக்கள், தமிழில் அடித்த பத்திரிகை வாசகம், எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. விண்டோஸில் பார்க்கிறவருக்கு அந்த ஃபோல்டர் மறைந்திருக்கும். ஃபைலெல்லாம் போச்சே என்று பதறி, தெரிகிற ஒரே ஷார்ட்கட்டை அழுத்துவார். அது முதலில் டிஎல்எல்லை ஓட்டிவிட்டு, பிறகு மரியாதையாக மறைந்த ஃபோல்டரையும் திறந்து காட்டும். ஃபைல் கிடைத்துவிட்டது என்று அவரும் நிம்மதியாகப் போவார். லினக்ஸில் அந்த ஷார்ட்கட் வெறும் காகிதம். போட்டோவை எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டேன், இரண்டு நிமிஷம்.

சாலிட்டி, ஷார்ட்கட் வைரஸ் இரண்டும் ஒரே பென்டிரைவில் வந்தனவா, சாலிட்டி ஏற்கெனவே பல மாதமாக உள்ளே இருந்ததா என்று இன்று வரை எனக்குச் சொல்லத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முடியாததுதான் மூன்றாவது வழிக்கு என்னைத் தள்ளியது. எத்தனை நாளாக, எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று தெரியாத வீட்டைப் பெருக்கிவிட்டு 'சுத்தம்' என்று சொல்ல என் வாய் வரவில்லை.

அழித்துப் போடுவது என்றால் நம்மவர்கள் நடுங்குவார்கள். உண்மையில் நடுங்க வேண்டியது அழிக்கும் முன் செய்ய வேண்டியதை மறந்தால்தான். லினக்ஸ் லைவில் கிளப்பி, வெளி டிஸ்க் ஒன்றில் வேலைக் கோப்புகளை எடுத்தேன்: பேஜ்மேக்கர் கோப்புகள், படங்கள், எழுத்துருக் கோப்புகள், பிடிஎஃப்கள். இஎக்ஸ்இ ஒன்றுகூடக் கூடாது. ஸ்கிரீன்சேவர் கோப்பு கூடாது. சேமித்து வைத்த வலைப்பக்கங்களும் கூடாது, ராம்னிட் அவற்றிலும் ஏறும். 'செட்டப்' என்று ஒரு ஃபோல்டரில் மாமா பல வருஷமாகச் சேர்த்த நிறுவல் கோப்புகள் இருந்தன, மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிட்டேன். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய எக்ஸ்பி சாவி ஸ்டிக்கர் பாதி அழிந்திருந்தது, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். எந்த மதர்போர்டு, எந்தச் சவுண்ட், எந்த நெட்வொர்க் கார்டு என்று எழுதிக்கொண்டு டிரைவர்களை வேறு பெட்டியில் இறக்கி வைத்தேன். இதைச் செய்யாமல் அழித்தால் 640-க்கு 480 திரையில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

எக்ஸ்பி சிடி டிஸ்கைப் பார்த்ததும் நீலத்திரை போட்டால் பயப்பட வேண்டாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) டிஸ்க் இணைப்பான சாட்டாவின் அமைப்பை ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாற்றினால் சரியாகும். பார்ட்டிஷன்களை அழித்துப் புதிதாகப் போட வேண்டும். சும்மா சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால், டிஸ்கின் முதல் தொகுதியில் ஒளிகிற வகை தப்பிவிடும், அதற்காக எக்ஸ்பி சிடியின் மீட்புக் கன்சோலில், அந்த முதல் தொகுதியைத் திருத்தி எழுதும் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையையும் ஒரு முறை ஓட்டுவேன். டி டிரைவை மட்டும் விட்டுவைக்கலாமா என்று மாமா கேட்டார். சாலிட்டி எல்லா டிரைவிலும் உள்ள இஎக்ஸ்இ-களில் ஏறியிருக்கும். டி-யில் ஒரு கோப்பைத் தட்டினால் சி-யில் செய்த வேலையெல்லாம் போச்சு. முழு டிஸ்கும் போக வேண்டும்.

எக்ஸ்பியின் அப்டேட் சேவை மைக்ரோசாஃப்ட் பக்கமே 2020-இல் மூடப்பட்டுவிட்டது, ஆகவே தானாக எதுவும் வராது. வேண்டிய இரண்டு மூன்றை வேறு பெட்டியில் இறக்கிக் கொண்டுவர வேண்டும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வான்னக்ரை வைரஸ் உலகைப் புரட்டியபோது, ஆதரவு நின்று மூன்று வருஷம் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக வெளியிட்ட கேபி 4012598. ஷார்ட்கட் படத்தைக் காட்டும்போதே ஓட்டிவிடுகிற ஓட்டையை 2010-இல் அடைத்த கேபி 2286198. பென்டிரைவ் ஆட்டோரனை நிறுத்தும் கேபி 971029. இவை போட்டாலும் அந்தப் பெட்டி நெட்டுக்கு லாயக்கு ஆகிவிடாது. நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, சாதன மேலாளரிலும் கார்டை முடக்கிவிட்டேன். அப்புறம்தான் முக்கியமான வேலை: எல்லாம் போட்டு முடித்து, வெளியார் பென்டிரைவ் ஒன்றுகூடப் படாத நிலையில், டிஸ்கைப் படியெடுக்கும் குளோன்ஸில்லாவில் கிளப்பி முழு டிஸ்கையும் ஒரு இமேஜாக எடுத்து வெளி டிஸ்கில் வைத்தது. இருக்கிற கோப்புகளை மட்டும் சுருக்கிப் படியெடுப்பதால் சில ஜிபிதான் ஆகிறது. அடுத்த தடவை ஏதாவது வந்தால் ஆராய்ச்சியே கிடையாது, இருபது நிமிஷத்தில் பழைய நிலை. கரண்ட் முறை வைத்து வருகிற ஊரில் ஆறு மணி நேர ஸ்கேனா, இருபது நிமிஷ மீட்பா என்றால் கேட்கவே வேண்டாம். நெட் கஃபே காலத்தில் டீப் ஃப்ரீஸ் போட்டு, சாயங்காலம் அணைத்துப் போட்டால் காலையில் புதுப் பெட்டி என்று ஓட்டினோமே, அதே புத்திதான்.

இந்த வழியின் குறையும் சொல்ல வேண்டும். நெட் இல்லாத பெட்டிக்கு வேலை எப்படி வரும்? வாடிக்கையாளர்கள் வைபரில் அனுப்புகிறார்கள், டெலிகிராமில் அனுப்புகிறார்கள், பென்டிரைவோடு வருகிறார்கள். வாசலில் ஒரு காவல்காரப் பெட்டி இல்லாமல் இது நடக்காது. அந்தக் காவலுக்குத்தான் நான்காவது வழி.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு யாரோ கொடுத்த நெட்புக் ஒன்று சும்மா கிடந்தது: ஆட்டம் என் 270 சிப், 1 ஜிபி ராம். அந்தச் சிப் 32-பிட் மட்டும்தான், இதைக் கவனிக்காமல் லினக்ஸ் இறக்கியவர்கள் நிறையப் பேர். லினக்ஸ் வகைகளில் உபுண்டு 32-பிட் டிஸ்க் கொடுப்பதை 2017-லேயே நிறுத்தியது. டெபியன் 12 வரை 32-பிட் நிறுவி இருந்தது, 2025-இல் வந்த 13-இல் இல்லை. ஆன்டிஎக்ஸ் இன்னும் கொடுக்கிறது, அந்த நெட்புக்கில் அது சௌகரியமாக ஓடுகிறது. (எக்ஸ்பி ஓடுகிறது என்பதற்காகப் பெட்டியும் 32-பிட் என்று நினைத்துவிடாதீர்கள். அச்சகத்து டூயல் கோர் 64-பிட் தாங்கும்.) தமிழ் யூனிகோடு எந்தத் தொந்தரவும் இல்லை, தமிழ்99 விசைப்பலகை வருகிறது, பர்மியத்துக்குப் படவுக் எழுத்துரு. நாட்டில் 2019 அக்டோபர் 1-லிருந்து யூனிகோடுதான் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு வருகிற கோப்புகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. வகுப்புக்கு இதைவிட வேறெதுவும் தேவையில்லை. எழுத, படிக்க, பாட்டுக் கேட்க என்று மட்டும் பெட்டியைப் பயன்படுத்தும் வீட்டுக்காரர் யாராக இருந்தாலும், எக்ஸ்பியைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்க வேண்டாம், நேரே இதற்கு மாறிவிடலாம்.

அச்சக வேலைக்கு மட்டும் லினக்ஸ் ஆகாது. லிப்ரெஆபிஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத்தான் செய்கிறது. பாமினி எழுத்துருவைப் போட்டுவிட்டால் எழுத்தும் தெரிகிறது. ஆனால் மாமா முடி அளவுக்குத் தள்ளித் தள்ளி வைத்த வரிகள் எல்லாம் கலைந்துவிடுகின்றன. பிள்ளையார் படத்துக்குக் கீழே வர வேண்டிய 'உ' பக்கத்து மூலைக்கு ஓடியதைப் பார்த்ததும் அவர் திரையை விட்டே எழுந்துவிட்டார்.

கடைகளில் விற்கிற ஒரு வருஷ ஆன்டிவைரஸ் சாவியை வாங்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அட்டையின் பின்பக்கம் எந்த விண்டோஸ் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஐந்தாவது வழிதான் எனக்குப் பிடித்தது, மாமாவுக்குப் பிடிக்காதது, ஏனென்றால் காசு. 64-பிட், 8 ஜிபி ராம், பயாஸில் மெய்நிகராக்க வசதி உள்ள ஒரு பழைய அலுவலகப் பெட்டி கிடைத்தால், அதில் லினக்ஸ் போட்டு, மெய்நிகர் பெட்டி மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸுக்குள் எக்ஸ்பியை ஏற்றலாம். உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு நெட்வொர்க் கார்டே இல்லாமல் செய்துவிடலாம். அதன் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைத்தால் வைரஸ் வந்தாலும் ஒரு கிளிக்கில் நேற்றைக்குத் திரும்பலாம். பேஜ்மேக்கர் உள்ளே, வைபர் வெளியே, நடுவில் ஒரு பகிர்வு ஃபோல்டர். யூஎஸ்பி பிரிண்டரை உள்ளே கொடுத்துவிடலாம். பாரலல் போர்ட்டில் மாட்டுகிற பழைய பிரிண்டர் என்றால் தலைவலி. அதற்குப் பேஜ்மேக்கரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் என்கிற அச்சுக் கோப்பை எடுத்து, வெளியே பிடிஎஃப் ஆக்கி, அங்கிருந்து அச்சடிக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், 2007-ஆம் வருஷத்து மதர்போர்டின் கண்டென்சர்கள் என்றைக்கு உப்பும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது வழியில் வைரஸிலிருந்து தப்பினாலும் அதிலிருந்து தப்ப முடியாது.

அந்த வாரம் கடைசியில் நடந்தது இது. பெகுவில் இன்னொரு அச்சகத்துக்காரரிடம் பேஜ்மேக்கர் சிடி நல்ல நிலையில் இருந்தது. மாமாவிடமே உரிம எண் இருந்ததால் சிடி மட்டும் போதும், சாயங்கால பஸ்ஸில் வந்து சேர்ந்தது. வியாழன் ராத்திரி கரண்ட் வந்த முறையில் எக்ஸ்பி போட்டேன், வெள்ளிக்கிழமை காலை முறையில் பேஜ்மேக்கரும் எழுத்துருவும். பத்திரிகை சனிக்கிழமை மத்தியானம் போனது. கல்யாண வீட்டார் இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் சீர் லட்டு வந்தது.

இப்போது அச்சக வாசலில் அந்த நெட்புக் உட்கார்ந்திருக்கிறது. வகுப்புக்கு ஞாயிறு மட்டும் போய்வரும். வருகிற பென்டிரைவ் எதுவானாலும் அதில்தான் முதலில் நுழையும். படத்தையும் வாசகத்தையும் மட்டும் கடையின் சொந்தப் பென்டிரைவில் மாற்றி உள்ளே அனுப்புவார்கள். அந்தப் பென்டிரைவுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது, எக்ஸ்பி பெட்டியில் அதைத் தவிர வேறொன்றும் செருகக் கூடாது. வாடிக்கையாளர் இரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று மாமாவுக்குக் குறைதான்.

பெட்டி வாங்குவது பற்றிப் போன வாரம் மறுபடி பேச்செடுத்தேன். "அந்த இமேஜ தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போ. அவன் பெட்டியிலேயே போட்டு, பேஜ்மேக்கர்ல என் பழைய நாள்காட்டி ஒண்ணத் திறந்து காட்டு. 'உ' எடத்துல இருந்தா காசு தரேன்" என்கிறார். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா லீவு முடிந்து கடைகள் திறந்ததும் போகலாம் என்றிருக்கிறேன்.